யாழினி கேமரா போடுவதில்லை

ஜூலை 4, வெள்ளி

பள்ளியின் மேற்குக் கட்டடத்தில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடம் என் நாற்காலி. நான் அப்போது டீ குடிக்கப் போயிருந்தேன். "உங்களுக்கு நல்ல நேரம் சார்" என்று எல்லோரும் கை கொடுத்தார்கள்.

பதினைந்து வருடமாக எடுத்த பத்தாம் வகுப்புக் கணக்கை என்னிடமிருந்து பிடுங்கி, இந்த ஜூனில் ஒன்பதாம் வகுப்பைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். "சார் சிரிக்கறதே இல்லீங்க, புள்ளைங்க பயப்படுதுங்க" என்று பெற்றோர் கூட்டத்தில் புகாராம். கணக்கில் சிரிக்க என்ன இருக்கிறது? இதில் நல்ல நேரம் வேறு.

ஜூலை 5, சனி

ஆசிரியர் கூட்டம். பூசி முடிக்கும்வரை மேற்குக் கட்டடத்தைப் பூட்டி வைப்பார்களாம். பாதி வகுப்பறைதான் மிச்சம். எங்கள் தாளாளர் சென்னியப்பன் மைக்கைப் பிடித்தார்.

"இனி கலப்பு முறைங்க. ஒரு நாளைக்குப் பாதிப் புள்ளைங்க கிளாஸ்ல, மீதி வீட்ல இருந்து போன்ல. மறுநாள் மாத்திக்கோணும். உடம்பு முடியாதவங்க, தூரத்துல இருக்கறவங்க தினமும் வீட்ல இருந்தே படிக்கலாம். வாத்தியாருங்க ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் பாடம் எடுக்கோணும். முடியுமுங்களா?"

முடியும் என்று எல்லோரும் சொன்னோம். சம்பளம் வாங்குகிறவர்கள் வேறு என்ன சொல்வது?

கடைசியில் ஒன்று சொன்னார். யாருடைய வகுப்பிலிருந்து வீட்டுப் பிள்ளைகள் நழுவிப் போகாமல் இருக்கிறார்களோ, அவர்களுக்கே வரும் வருடம் பத்தாம் வகுப்பு. சொல்லும்போது என்னைப் பார்த்தது போல இருந்தது. பக்கத்தில் இருந்த வேதியியல்காரர், தன்னைப் பார்த்ததாகச் சொல்கிறார்.

ஜூலை 6, ஞாயிறு

ஒத்திகை. கம்ப்யூட்டர் ஆசிரியை சிந்துஜா சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. பொறுமைசாலி. மடிக்கணினியை மேசையில் வைத்து, எனக்கு ஒரு லிங்க் அனுப்பி, "வீட்ல யாரையாச்சும் பார்க்கச் சொல்லுங்க சார், படம் எப்படி வருதுன்னு தெரிஞ்சிரும்" என்றாள்.

வீட்டில் இருப்பது என் மனைவி சாந்தாமணி ஒருத்திதான். மகள் கௌசிகா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள்தான் அங்கிருந்து அம்மாவுக்குப் போனில் வழி சொல்லி, எதை எதையோ அழுத்த வைத்து, உள்ளே சேர்த்து விட்டாள். நான் காலி வகுப்பறையில் பத்து நிமிடம் பாடம் நடத்தினேன்.

வீட்டுக்கு வந்து, "எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"உங்க வயிறு மட்டுந்தானுங்க தெரிஞ்சுது. நல்லாத் தெளிவாத் தெரிஞ்சுது."

கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா எவ்வளவு நல்லாப் பேசறீங்க" என்றாள்.

காபி கேட்டேன்.

ஜூலை 7, திங்கள்

முதல் நாள். கரும்பலகைக்குப் போனால் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் தெரிவதில்லை. மடிக்கணினியைப் பார்த்தால் வகுப்புப் பிள்ளைகள் பேச ஆரம்பிக்கிறார்கள். அவர்களை அதட்டினால், வீட்டில் இருப்பவன் தன்னைத்தான் அதட்டினேன் என்று அழுகிறான். ஒருவன் திரையில் பீரியட் முழுக்க மின்விசிறி சுற்றியது. இன்னொருவன் வீட்டில் அப்பா துண்டோடு குறுக்கே போனார், என்னைப் பார்த்ததும் நின்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அன்றைய பாடம் கணமொழி, அந்தக் கும்பிடு அதில் எந்தப் பகுதி என்று ஒரு பெண் கேட்டாள்.

ஜூலை 9, புதன்

யாழினி என்றொரு புது மாணவி. கேமரா போடுவதில்லை, மைக்கும் போடுவதில்லை. எழுதி அனுப்புவாள். ஒன்பதாம் வகுப்பு எனக்கே புதிது, பாதி முகங்கள் இன்னும் பழகவில்லை. தினமும் வீட்டிலிருந்தே படிக்க அனுமதி வாங்கியவளாக இருக்க வேண்டும்.

பாடத்தின் நடுவில் அவளிடமிருந்து: "சார், போர்டை மறைச்சுட்டு நிக்கறீங்க. இடது பக்கம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் தள்ளினேன். மற்ற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தைரியம் இல்லை. நல்ல வளர்ப்பு.

ஜூலை 11, வெள்ளி

சேர்ப்புக் கணமும் வெட்டுக் கணமும் நடத்தினேன். ஐம்பது விருந்தினரில் இத்தனை பேருக்கு டீ பிடிக்கும், இத்தனை பேருக்குக் காபி பிடிக்கும், இரண்டும் பிடிப்பவர் எத்தனை பேர்? வகுப்பு வாயைத் திறக்கவில்லை. யாழினி எழுதினாள்: "சார், வீட்டுக்கு வர்றவங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. எது இருக்கோ அதைக் குடுங்கன்னுதான் சொல்லுவாங்க."

வகுப்பே சிரித்தது. எனக்கும் உதட்டோரம் ஏதோ ஆனது. அடக்கிக்கொண்டேன். இந்த வயதில் இந்தப் பெண்ணுக்கு விருந்தோம்பலில் இவ்வளவு அனுபவம் எப்படி என்று யோசித்தேன். பெரிய குடும்பமாக இருக்கும்.

ஜூலை 14, திங்கள்

இன்று வெற்றுக் கணம். யாழினி கேட்டாள்: "உள்ள எதுவுமே இல்லைன்னா அதுக்கு எதுக்குங்க சார் ஒரு பேரு?"

இருபத்தெட்டு வருட வேலையில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. புத்தகத்தை மூடிவிட்டுப் பேசினேன். "சர்க்கரை தீர்ந்து போச்சுன்னா டப்பாவைத் தூக்கிப் போட்டுருவமா? காலியா இருந்தாலும் அது சர்க்கரை டப்பாதானே? நாளைக்கு அதுல சர்க்கரை வரும்." வகுப்பு அமைதியாகக் கேட்டது. பின்வரிசை மணிகண்டன்கூட எழுதிக்கொண்டான்.

மாலையில் காபியில் இனிப்பே இல்லை. என்ன என்று கேட்டேன். சாந்தாமணி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"வெற்றுக் கணமுங்க."

எங்கே கற்றாளோ. இப்போதெல்லாம் டிவியில் என்னென்னவோ வருகிறது.

ஜூலை 16, புதன்

காலையில் சாந்தாமணி முட்டி வலிக்கிறது என்றாள். வயதானால் வரும் என்றேன். போன வாரமும் அதையேதான் சொல்லியிருந்தேன். எத்தனை முறை சொல்வது?

வகுப்பு முடிந்த பிறகு யாழினியிடம் தனியாக விசாரித்தேன். பாவம், வெளியே வர முடியாத பிள்ளை. "உடம்புக்கு என்னம்மா?"

"முட்டி வலி சார்."

மனது பதறிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் முட்டி வலியா! டீ குடிக்கப் போகாமல் கால் மணி நேரம் அவளுக்கு எழுதினேன். "உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடும்மா. நின்னுக்கிட்டே வேலை செய்யாதே. காலை உயரமா வச்சு உக்காரு. வீட்டில் இருக்கறவங்களை உதவிக்குக் கூப்பிடு. கூச்சப்படாதே."

பதில் வந்தது. "சரிங்க சார். ரொம்ப நன்றிங்க சார்."

வீட்டுக்கு வந்தால், சாந்தாமணி ஸ்டூலில் காலை நீட்டி உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். "யாரு சொன்னா?" என்று கேட்டேன். "ஒரு வாத்தியாருங்க" என்றாள். "நின்னுக்கிட்டே வேலை செய்யக் கூடாதாம். வெங்காயத்தை நீங்க உரிச்சுத் தாங்க."

உரித்தேன். அந்த வாத்தியார் யாரோ, அடுத்த வீட்டு வேலையில் ரொம்பத் தலையிடுகிறார்.

ஜூலை 21, திங்கள்

இன்று எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். மிருதுளா என்ற பெண், வீட்டில் இருக்கும் நாளெல்லாம் கேமராவும் போடுவதில்லை, கேள்வி கேட்டால் பதிலும் இல்லை. எல்லோர் முன்னாலும் வைத்து, "தூங்கறதுக்கு எதுக்கு உனக்குப் படிப்பு?" என்று கேட்டுவிட்டேன். அவள் பெயர் திரையிலிருந்து மறைந்தது. வெளியே போய்விட்டாள்.

உடனே யாழினியிடமிருந்து எனக்கு மட்டும் வந்தது.

"சார், அவங்க வீடு ஒரே ரூமு. அவங்கம்மா பிளவுஸ் தைக்கறவங்க. மிஷின் சத்தம் கேக்கும்னுதான் அந்தப் புள்ள மைக் போடறதில்லை. தூங்கறதில்லை. நீங்க இப்படிப் பேசுனது நல்லா இல்லைங்க."

ஒரு மாணவி எனக்கு இப்படி எழுதலாமா? எழுதலாகாது. சாயங்காலமே மிருதுளா வீட்டுக்குப் போனேன். உண்மைதான், ஒரே அறை. அவள் கட்டிலுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நோட்டில் நான் நடத்திய கணக்கு அத்தனையும் இருந்தது. பதில்களை எழுதி அனுப்பினால் போதும், பேச வேண்டாம் என்றேன். அவள் அம்மா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். "டீச்சரம்மா சொன்னாங்களாங்க?" என்று கேட்டார். எந்த டீச்சரம்மா என்று தெரியவில்லை. ஆமாம் என்று சொல்லி வந்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

மூன்று நாளாக என் வகுப்பிலிருந்து ஒருவர்கூட நழுவவில்லை என்று சிந்துஜா சொன்னாள். பள்ளியிலேயே நான்தான் முதலிடம். இதற்குப் பாதிக் காரணம் யாழினி. அவள் என்ன கேட்பாள் என்று பார்க்கவே மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சீப்புப் பழமும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு, அவளை வீட்டில் போய்ப் பார்க்கலாம் என்று அலுவலகத்தில் முகவரி கேட்டேன்.

அப்படி ஒரு மாணவியே பள்ளியில் இல்லையாம்.

அரை மணி நேரத்தில் பள்ளி முழுக்கப் பரவியது. தாளாளர் அறையிலிருந்து குரல் கேட்டது. "அந்தப் பைபாஸ் ரோட்டு ஸ்கூல்காரன் வேலைங்க இது! நம்ம பாடத்தை உளவு பார்க்கறான்!" எங்கள் பாடமும் அவர்கள் பாடமும் ஒரே அரசாங்கப் புத்தகம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லும் சூழ்நிலை இல்லை.

லிங்க் வெளியே போனதற்கு சிந்துஜாதான் பொறுப்பு என்று முடிவாகிவிட்டது. திங்கட்கிழமைக்குள் ஆளைக் கண்டுபிடிக்காவிட்டால் போலீஸில் புகார், சிந்துஜாவுக்கு வேலை இல்லை. அந்தப் பெண் கம்ப்யூட்டர் அறையில் அழுதுகொண்டிருந்தாள். "நான் யாருக்கும் குடுக்கலை சார்" என்றாள். ஒரு சாத்துக்குடியை எடுத்துக் கொடுத்தேன்.

மீதிப் பையோடு வீட்டுக்கு வந்தேன். சாந்தாமணி வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

"எனக்கா வாங்கிட்டு வந்தீங்க?"

முகத்தைப் பார்த்த பிறகு வேறெப்படிச் சொல்வது. ஆமாம் என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

தாளாளர் என் வகுப்பில் மடிக்கணினிக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். திட்டப்படி, எல்லோரும் கேமரா போடுங்கள் என்று சொன்னேன். ஒவ்வொரு முகமாக வந்தது. யாழினியின் கட்டம் மட்டும் கறுப்பு.

"யாழினி, கேமரா போடும்மா."

கேமரா வரவில்லை. கை தவறி மைக் வந்துவிட்டது. முதலில் குக்கர் விசில். அப்புறம் தெருவிலிருந்து ஒரு குரல். "சாந்தாக்கா, கீரை வேணுங்களா?" உடனே ரகசியமாக இன்னொரு குரல். "சத்தம் போடாத புள்ள, சார் என்னையத்தான் கூப்புடறாரு!"

மைக் நின்றுவிட்டது. யாழினி வெளியேறிவிட்டாள்.

"பொம்பளை உளவாளி!" என்றார் தாளாளர்.

இன்று மத்தியானம் சாப்பிடவில்லை. எங்கள் தாராபுரத்தில் சாந்தா என்ற பெயர் எத்தனையோ பேருக்கு இருக்கும். குக்கர் இல்லாத வீடே இல்லை. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 26, சனி

காலையில் சாப்பிட உட்கார்ந்தேன். இட்லி வந்தது. சட்னி வந்தது. நான் தலை நிமிராமலே, "சிந்துஜா மிஸ்ஸுக்கு வேலை போயிரும்" என்றேன்.

சாந்தாமணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நானே வந்து சொல்லீர்றனுங்க. அந்தப் புள்ளை மேல ஒரு தப்பும் இல்லை. அன்னைக்கு ஒத்திகைக்கு அனுப்புன லிங்க் போன்லயே இருந்துச்சு, கிளாஸுக்கும் அதேதானுங்க."

"பேரு?"

"கௌசிதான் எதாச்சும் ஒரு பேரு போடும்மான்னா. அவ பொறந்தப்ப நான் வைக்கலாம்னு நினைச்ச பேரு. நீங்க வேண்டாம்னு சொல்லீட்டீங்க."

எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருக்கிறது.

"எதுக்கு இப்படிப் பண்ணுன?"

இட்லித் தட்டைக் கழுவப் போனாள். குழாய்த் தண்ணீர் சத்தத்துக்கு நடுவில் சொன்னாள்.

"நீங்க வீட்ல காபின்னு சொல்லுவீங்க. சாப்பாடுன்னு சொல்லுவீங்க. கரண்ட் பில்லுன்னு சொல்லுவீங்க. அங்கதான் முக்கால் மணி நேரம் ஓயாமப் பேசறீங்க. நல்லாப் பேசறீங்க. லிங்க் இருந்துச்சு, வந்து உக்காந்துக்கிட்டனுங்க."

தண்ணீரை நிறுத்தினாள். நான் செய்தித்தாளை எடுத்தேன். அது நேற்றையது. ஆனாலும் முழுவதும் படித்தேன்.

ஜூலை 28, திங்கள்

கூட்டம். தாளாளர், அவர் மனைவி மரகதம் அம்மாள், தலைமையாசிரியர், நாங்கள் எல்லோரும். மரகதம் அம்மாள் பள்ளியின் பொருளாளர். கூட்டங்களில் வாயே திறக்க மாட்டார். சிந்துஜா கடைசி நாற்காலியில் விலகல் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

சாந்தாமணி கிளம்பித் தயாராக நின்றாள். நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதைத் தயார் செய்தேன். "தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட ஒரு சிறு குழப்பம்" என்று ஆரம்பிப்பதாக இருந்தது. தாளாளர் போலீஸுக்குப் போனை எடுத்ததும் எழுந்து நின்றேன். தயார் செய்தது எதுவும் வரவில்லை.

"அது என்னோட சம்சாரமுங்க."

யாருக்கும் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். "யாழினிங்கறது என்னோட சம்சாரமுங்க. லிங்க் நான் குடுத்தது. சிந்துஜா மிஸ் மேல தப்பு இல்லீங்க."

வேதியியல்காரர் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். தாளாளர் நாற்காலியில் சாய்ந்தார். "வாத்தியாரய்யா, உங்க சம்சாரம் எதுக்குங்க ஒன்பதாவது படிக்கோணும்?"

பொய் சொல்ல நேரமில்லை. "நான் பேசறதைக் கேக்கறதுக்குங்க" என்றேன். "நான் வீட்ல பேசறதில்லைங்களாமா."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சிரித்திருக்கலாம்.

முதலில் பேசியது மரகதம் அம்மாள், தாளாளரைக் காட்டி. "ஏனுங்க சிந்துஜா மிஸ், இவரு இந்த ஊர் முழுக்கக் கூட்டம் போட்டுப் பேசறாரே, அதுக்கெல்லாம் லிங்க் இருக்குதுங்களா? எனக்கும் ஒண்ணு அனுப்புங்க."

அப்போதுதான் சிரிப்பு வந்தது. தாளாளர் போனைக் கீழே வைத்தார். சிந்துஜாவின் கடிதத்தை வாங்கி நான்காகக் கிழித்தது மரகதம் அம்மாள்தான். "அம்மாமாரும் பக்கத்துல உக்காந்து கேக்கட்டும். ஆனா சொந்தப் பேர்ல வரோணும்" என்று தாளாளர் உத்தரவு போட்டார், அது தன் யோசனை போல.

வீட்டில், "என்னாச்சுங்க?" என்று கேட்டாள் சாந்தாமணி. ஒன்றும் ஆகவில்லை என்றேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. செய்தி ஊருக்குள் பரவி, இவளுக்குப் பிளவுஸ் தைக்கும் மிருதுளாவின் அம்மா அதற்குள் போன் செய்துவிட்டார்.

ஜூலை 30, புதன்

அம்மாமார் வந்துவிட்டார்கள். பாடம் நடத்தவே முடியவில்லை. ஒருவர் தன் மகனைக் கேள்வி கேட்கச் சொல்லி என்னைப் படுத்துகிறார். இன்னொருவர் நான் மெலிந்துவிட்டேன் என்கிறார். மிருதுளாவின் அம்மா மிஷினை நிறுத்தி வைத்துவிட்டார், மிருதுளா முதல் முறையாக மைக் போட்டுப் பதில் சொன்னாள். தப்பான பதில்தான். ஆனால் சத்தமாகச் சொன்னாள்.

கட்டத்தில் 'சாந்தாமணி நாச்சிமுத்து' என்று ஒரு பெயர் இருந்தது. அவள் எதுவும் எழுதவில்லை. சொந்தப் பெயரில் கூச்சம் போலிருக்கிறது. பீரியட் முடியும்போது நானே கேட்டேன். "சாந்தாமணி, புரிஞ்சுதா?"

வகுப்பறை முழுக்க "ஓ!" என்று ஒரு சத்தம்.

"புரிஞ்சுதுங்க சார்" என்று வந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அமராவதி ஆற்றுக்குப் போனோம். கூட்டம். படித்துறையில் என் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் எங்களைப் பார்த்துவிட்டார்கள். எனக்கு வணக்கம் சொல்லவில்லை. "யாழினிக்கா!" என்று கூப்பிட்டுக்கொண்டு இவளிடம் ஓடினார்கள். தேங்காய் உடைத்துத் தரும் வேலை எனக்கு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மேற்குக் கட்டடம் பூசி, வெள்ளை அடித்து முடிந்தது. திங்கள் முதல் எல்லோரும் நேரில். கலப்பு முறை நிறுத்தம். சிந்துஜா மடிக்கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பத்தாம் வகுப்பு பற்றிக் கேட்டேன். தாளாளர், "பார்க்கலாமுங்க" என்றார். அப்படியென்றால் இல்லை என்று அர்த்தம்.

வீட்டில் சொன்னேன், லிங்க் இனி வராது என்று. "சரிங்க" என்றாள். போனைச் சார்ஜில் போட்டாள். அப்புறம் எடுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

முழு வகுப்பும் நேரில். எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. குறுக்கே கேட்க ஆளில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சாந்தாமணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். காபி என்று சொல்லத்தான் திறந்தேன்.

"இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று வந்துவிட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

அப்புறம் நிறுத்துவது எப்படி? புதிதாக அடித்த சுவரில் வெள்ளை ஒட்டும் என்று தெரியாமல் காலையில் அதில் சாய்ந்து நின்றதைச் சொன்னேன். முதுகு முழுக்க வெள்ளை. ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை. அப்படியே மூன்று வகுப்பு எடுத்து, தலைமையாசிரியர் அறைக்கும் போய்வந்தேன். அவர் "பின்னாடி ஏதோ..." என்று ஆரம்பித்தார், நான் கட்டடத்தின் பின்பக்கத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துப் பூச்சு நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினேன். எழுந்து நின்று, எப்படிச் சாய்ந்தேன் என்று நடித்துக்கூடக் காட்டினேன்.

"திரும்புங்க, திரும்புங்க" என்று சாந்தாமணி என் முதுகைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. இந்த முறை அடக்கவில்லை.

"அப்புறமுங்க?" என்றாள்.

அப்புறம் மணிகண்டன் என்ன செய்தான் என்று ஆரம்பித்தேன். அடுப்பில் தோசை கருகும் வாசனை வந்தது. இருவருக்கும் வந்தது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.